ஒரு போத்தல் விளக்கும் நான்கு பேரும்: பல்கலைக்கழகங்கள் குப்பியிடம் கற்கவேண்டியவை

1994ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் படிப்பதற்கென்று ஒரேயொரு விளக்குத்தான் இருந்தது. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது ஊறும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு, மெல்லிய திரி போட்ட விளக்கு. மின்சாரம் 1990இலேயே நின்றுவிட்டது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் குதிரைக்கொம்பாகியிருந்தது. அந்த வருடம் உயர்தரப் பரீட்சை எடுக்கவிருந்த அண்ணாவுடன் சேர்ந்து படிக்க, அயலிலிருந்து மூன்று பேர் இரவில் எங்கள் விறாந்தைக்கு வருவார்கள். முறைவைத்து ஒவ்வொருவரும் தங்கள் வீட்டிலிருந்து கொஞ்சம் எண்ணெய் கொண்டுவருவார்கள்.

அந்த வெளிச்சத்தில் நான்கு பேர் நான்கு புத்தகங்களை விரித்து வாசிக்க முடியாது. ஆகவே ஒருவர் வாசிப்பார், மற்ற மூவரும் கேட்பார்கள். பின்னர் எண்ணெயை மிச்சம்பிடிக்க விளக்கை அணைத்துவிடுவார்கள். கேட்ட மூவரில் ஒருவர் இருட்டில் அதைத் தன் சொல்லில் திருப்பிச் சொல்லவேண்டும். பிழைவிட்டால் மற்றவர்கள் மறிப்பார்கள். வாக்குவாதம் முற்றினால் மட்டும் விளக்கு மீண்டும் ஏற்றப்படும், புத்தகம் பார்க்கப்படும். எனக்கு அப்போது ஐந்து வயது. இருட்டுக்குள் நாலு குரல்கள் சண்டைபிடிப்பது மட்டும்தான் எனக்கு நினைவிருக்கிறது.

பதினைந்து வருடங்கள் கழித்து, ஊடகக் கற்கைகள் படிப்பதற்காகப் பல்கலைக்கழகத்துக்குள் காலடி வைத்த முதல் மாதத்தில், சிரேஷ்ட மாணவி ஒருவர் என்னிடம் கேட்டார்: “இண்டைக்குப் பின்னேரம் குப்பி இருக்கு, வாறீரா?”

அந்தச் சொல்லைக் கேட்டு ஒரு கணம் திடுக்கிட்டேன். போருக்குள் வளர்ந்த எங்களுக்குக் குப்பி என்றால் கழுத்தில் தொங்கிய சயனைட். அந்த அக்கா சொன்னது வேறு குப்பி. அன்று மாலை படிக்கட்டுக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு பேர் நிலத்தில் குந்தியிருந்தார்கள். காலையில் ஆங்கிலத்தில் நடந்த ஒரு மணிநேர விரிவுரையை அக்கா இருபது நிமிடங்களில் தமிழில் அவிழ்த்துக் காட்டினார். காலையில் எனக்கு விளங்கியவை நான்கைந்து சொற்கள்தான். மாலையில் பாடம் முழுவதும் விளங்கியது.

உயர்கல்வியில் ‘புத்தாக்கக் கற்பித்தல் முறைகள்’ பற்றி இன்று எங்கும் பேசப்படுகிறது. செயலமர்வுகள் நடக்கின்றன, திறன்பலகைகள் வாங்கப்படுகின்றன. அந்த முறைகளில் மிகவும் வலுவான ஆய்வுச் சான்று கொண்டவற்றைத் தேடிப் பார்த்தால், அவற்றுள் பல அண்ணாவின் விறாந்தையிலும் அந்தப் படிக்கட்டின் கீழும் நடந்தவைதான். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. அந்தப் படிக்கட்டுக்குக் கீழே வர முடியாதவர்களைப் பற்றியதும்கூட.

குப்பி என்றால் என்ன?

இலங்கையின் அரச பல்கலைக்கழகம் எதிலாவது படித்தவர்களுக்கு இந்தச் சொல் தெரிந்திருக்கும். சிங்கள மாணவர்களும் இதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். விரிவுரையாளர் இல்லாமல், ஒரு மாணவர் மற்ற மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வகுப்பே குப்பி. சிரேஷ்ட மாணவர் கனிஷ்ட மாணவருக்கு எடுப்பதும் உண்டு, ஒரே வருடத்தினர் தங்களுக்குள் எடுப்பதும் உண்டு. காசு இல்லை, வரவுப் பதிவு இல்லை, பாட அட்டவணையிலும் இடமில்லை. பெயர் எப்படி வந்தது என்பதற்குப் பல கதைகள் சொல்வார்கள். நான் அதிகம் கேட்டது, குப்பி விளக்கைச் சுற்றி இருந்து படித்ததால் வந்த பெயர் என்பதே. நமது பல்கலைக்கழக ஆசிரியர்கள் சிலர் கல்வி அரசியலைப் பற்றி ‘தி ஐலண்ட்’ பத்திரிகையில் எழுதிவரும் பத்திக்கும் ‘குப்பி’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

குப்பி ஏன் தேவைப்படுகிறது? முதற் காரணம் மொழி. பாடசாலையில் பதின்மூன்று வருடங்கள் தமிழில் படித்த பிள்ளை, மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம் போன்ற துறைகளில் ஒரே இரவில் ஆங்கிலத்துக்கு மாறவேண்டியிருக்கிறது. இரண்டாவது காரணம் நாம் பழகி வந்த படிப்பு முறை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் யாழ்ப்பாணத்திலும் ரியூட்டரி வகுப்புகளில் நூற்றுக்கணக்கானோருடன் நெருக்கியடித்து இருந்து, ஆசிரியர் சொல்வதை எழுதி, கடந்தகால வினாத்தாள்களைப் பாடமாக்கித்தான் நாம் உயர்தரம் சித்தியடைகிறோம். பல்கலைக்கழகம் வேறொன்றைக் கேட்கிறது. அதை எப்படிச் செய்வது என்று யாரும் சொல்லித்தருவதில்லை.

ஹாவர்ட்டில் நடந்த குப்பி

அமெரிக்காவின் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிப்பித்துவந்தவர் எரிக் மசூர். மாணவர்கள் பரீட்சைகளில் நன்றாகவே செய்தார்கள். தான் நல்ல ஆசிரியர் என்று அவரும் நம்பியிருந்தார். 1990 அளவில், விசை பற்றிய அடிப்படை எண்ணக்கருக்களைச் சோதிக்கும் எளிய வினாத்தாள் ஒன்றைத் தன் மாணவர்களுக்குக் கொடுத்தார். சமன்பாடுகள் எதுவும் தேவைப்படாத கேள்விகள் அவை. ஒரு மாணவி எழுந்து, நீங்கள் படிப்பித்தபடி விடை எழுதுவதா, நான் வழக்கமாக யோசிக்கிறபடி எழுதுவதா என்று கேட்டார். பெறுபேறுகள் வந்தபோது மசூர் அதிர்ந்துபோனார். கடினமான கணக்குகளைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு அடிப்படை விளங்கியிருக்கவில்லை.

எவ்வளவு விளக்கியும் பலனில்லாத ஒரு கட்டத்தில், பக்கத்தில் இருப்பவருடன் பேசிப் பாருங்கள் என்று வகுப்பிடம் விட்டார். தன்னால் விளக்க முடியாததைச் சில நிமிடங்களுக்குள் மாணவர்கள் தங்களுக்குள் விளக்கிக்கொண்டதைக் கண்டார். 1991 முதல் இதை ஒரு முறையாக்கினார். சுருக்கமாக ஒரு கருத்தை விளக்குவது, உடனே ஒரு கேள்வி கேட்பது, ஒவ்வொருவரும் தனியே யோசித்து விடையைத் தெரிவுசெய்வது. வகுப்பு இரண்டுபட்டு நின்றால், பக்கத்தில் உள்ளவரை உங்கள் விடைக்கு மாற்றப் பாருங்கள் என்று இரண்டு மூன்று நிமிடங்கள் விடுவது. பிறகு மீண்டும் விடை கேட்பது. சகமாணவர் போதனை என்று இன்று உலகெங்கும் அறியப்படும் முறை இதுதான். பாடத்தை வீட்டில் வாசித்துவிட்டு வந்து வகுப்பு நேரத்தைக் கேள்விக்கும் விவாதத்துக்கும் பயன்படுத்தும் ‘தலைகீழ் வகுப்பறை’ இதற்கு மிக நெருங்கிய சொந்தம்.

இது ஏன் வேலை செய்கிறது என்பதற்கு மசூர் சொல்லும் காரணம் எளிமையானது. ஒரு விடயத்தை இருபது வருடங்களுக்கு முன் விளங்கிக்கொண்டவருக்கு, அது விளங்காமல் இருந்த நிலை மறந்துவிடும். நேற்று விளங்கிக்கொண்டவருக்கோ, தான் எந்த இடத்தில் தடக்கினோம் என்பது இன்னும் நினைவிருக்கும். படிக்கட்டுக்குக் கீழே அக்கா இருபது நிமிடங்களில் சாதித்ததன் இரகசியமும் அதுவே.

எண்களும் இதையே சொல்கின்றன. விஞ்ஞானம், பொறியியல், கணிதப் பாடநெறிகள் தொடர்பான 225 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து ஸ்கொட் ஃபிரீமன் குழுவினர் 2014இல் வெளியிட்ட பகுப்பாய்வில், விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் சராசரியாக 33.8 வீதமானோர் சித்தியடையத் தவறியிருந்தனர். மாணவர்கள் பேசி, செய்து, விவாதித்துப் படித்த வகுப்புகளில் அது 21.8 வீதம். நூறு பேர் உள்ள வகுப்பில் பன்னிரண்டு பேர் என்று கணக்குப் பார்த்தால், அந்தப் பன்னிரண்டு பேரின் வீடுகளையும் நினைக்கவேண்டியிருக்கிறது.

விளக்கை அணைத்துவிட்டுச் சொல்வதற்கும் ஆய்வு உண்டு. ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட பரிசோதனையில், ஒரு பந்தியைச் சிலர் நான்கு தடவை வாசித்தார்கள். வேறு சிலர் ஒரு தடவை வாசித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதினார்கள். ஐந்து நிமிடங்களின் பின் சோதித்தபோது திரும்பத்திரும்ப வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரத்தின் பின் சோதித்தபோது நிலைமை தலைகீழானது. வாசித்தவர்களுக்கு நினைவில் நின்றது 40 வீதம், நினைவுகூர்ந்தவர்களுக்கு 61 வீதம். அண்ணாவும் நண்பர்களும் எண்ணெயை மிச்சம்பிடிக்கச் செய்த காரியம், அவர்களுக்குத் தெரியாமலே மிகச் சிறந்த படிப்பு முறையாக இருந்திருக்கிறது.

தனியே படித்தவர்கள்

எனக்கு மிகவும் நெருக்கமான ஆய்வு இதைவிடப் பழையது. 1970களில் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்ற பட்டப்பின் மாணவர் நுண்கணித வகுப்புகளில் உதவிசெய்துவந்தார். கறுப்பின மாணவர்களில் பலர் அந்தப் பாடத்தில் தோற்றுப்போவதும், சீன வம்சாவளி மாணவர்கள் நன்றாகச் செய்வதும் அவரைக் குடைந்தது. ஊக்கம் இல்லை, அடித்தளம் போதாது, வீட்டில் வசதியில்லை, பெற்றோருக்கு அக்கறையில்லை என்று வழக்கமான காரணங்களைச் சுற்றியிருந்தவர்கள் சொன்னார்கள். ட்ரைஸ்மன் இரு தரப்பிலும் இருபது இருபது பேரைத் தெரிந்தெடுத்து, அவர்கள் படிக்கும் இடங்களுக்கே போய்ப் பார்த்தார். சொல்லப்பட்ட காரணங்கள் ஒன்றும் நிலைக்கவில்லை. கறுப்பின மாணவர்கள் வாரத்துக்கு எட்டு மணிநேரம், சொன்னது சொன்னபடி கடுமையாகப் படித்தார்கள். ஆனால் தனியே படித்தார்கள். மற்றவர்கள் தனியே படித்துவிட்டு மாலையில் ஒன்றுகூடினார்கள், ஒருவர் கணக்கை ஒருவர் திருத்தினார்கள், பல்கலைக்கழகத்தில் எப்படிப் பிழைப்பது என்பதையும் சேர்த்தே பேசினார்கள்.

அதன்பிறகு ட்ரைஸ்மன் தொடங்கிய பட்டறையில் ‘பலவீனமான மாணவர்களுக்கான மேலதிக வகுப்பு’ என்ற பேச்சே இருக்கவில்லை. மாறாக, வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, சேர்ந்து செய்யவிட்டார். அந்தப் பாடத்தில் தோற்பவர்களின் தொகை வெகுவாகக் குறைந்தது.

இதை வாசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது என் அறைத்தோழி. 2009 கடைசியில் மெனிக் பாம் முகாமிலிருந்து வெளியே வந்து, கொழும்பில் உறவினர் ஒருவரின் உதவியுடன் வேலை தேடிக்கொண்டவள். வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் நானும் அவளும் இருந்தோம். நான் உள்வாரி மாணவி. அவள் பகலில் கடையில் வேலைசெய்துகொண்டு வெளிவாரிப் பட்டத்துக்குப் பதிந்திருந்தாள். இடப்பெயர்வுகளில் போன வருடங்களை எப்படியாவது பிடித்துவிடவேண்டும் என்ற வெறி அவளுக்கு. இரவு பதினொரு மணிக்குப் பிறகு சுவரைப் பார்த்தபடி தனியே இருந்து படிப்பாள். புள்ளிவிபரவியலில் மூன்று தடவை தோற்றாள். மூன்றாம் தடவை பெறுபேறு வந்த அன்று, “எனக்கு இது மண்டையில ஏறாது, விடு” என்று சொல்லி, புத்தகங்களைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டாள்.

அந்த வருடங்களில் வாரத்துக்கு இரண்டு தடவையாவது நான் குப்பிக்குப் போய்வந்தேன். அதே புள்ளிவிபரவியலை எனக்கும் ஓர் அக்காதான் விளங்கப்படுத்தினார். ஒரு நாளாவது அவளைக் கூட்டிப்போகவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. குப்பி எங்களுடையது, அவள் வெளிவாரி. இவ்வளவுதான் என் யோசனை. அவளுக்கு மண்டையில் ஏறாமல் போகவில்லை. அவளைச் சுற்றி நாலு பேர் இருக்கவில்லை.

தகுதி பெறுவோரில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மட்டுமே அரச பல்கலைக்கழக அனுமதி கிடைக்கும் நாடு இது. மீதிப்பேரில் பலருக்கு வெளிவாரிப் பட்டங்களும், 1980இல் தொடங்கி நாவலையைத் தலைமையகமாகக் கொண்டு இயங்கும் திறந்த பல்கலைக்கழகமும்தான் வழி. கற்பித்தல் முறையைப் பற்றிப் பேசும்போது நாம் விரிவுரை மண்டபத்துக்குள் இருப்பவர்களையே நினைக்கிறோம். அறைகளில் தனியே இருந்து படிப்பவர்கள் கணக்கில் வருவதில்லை.

திண்ணையிலிருந்து லண்டனுக்கு

மாணவர் மாணவருக்குப் படிப்பிப்பது நமக்குப் புதிதல்ல. தமிழ்த் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் வாத்தியாருக்கு அடுத்தபடியாகச் சட்டாம்பிள்ளை இருந்தான். மூத்த மாணவன் இளையவர்களுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுப்பான். 1789இல் சென்னையில் ஆண் அநாதைச் சிறுவர் விடுதி ஒன்றின் பொறுப்பை ஏற்ற அன்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தன் விடுதியில் புகுத்தினார். மூத்த பிள்ளைகளையே இளையவர்களுக்கு ஆசிரியர்களாக்கினார். 1797இல் இதைப் பற்றி லண்டனில் நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுவதும் பரவியது.

அதன் பிற்பகுதியையும் நாம் அறிந்திருக்கவேண்டும். ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை மலிவாகப் படிப்பிக்கலாம் என்பதற்காகவே அங்கு அந்த முறை விரும்பப்பட்டது. விளங்கப்படுத்துவது குறைந்து, ஒப்புவிப்பது கூடியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அது கைவிடப்பட்டது. கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதம் ஒதுக்கும்படி கோரி 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் மூன்று மாதங்கள் வேலைநிறுத்தம் செய்த நாடு இது. ‘மாணவர்களே தங்களுக்குள் படித்துக்கொள்வார்கள்’ என்ற வசனம் வெற்றிடங்களை நிரப்பாமல் விடுவதற்கான சாட்டாக மாறிவிடக்கூடாது. மசூரின் வகுப்பில் மசூர் இருந்தார் என்பதை மறக்கவேண்டாம்.

கொட்டாஞ்சேனையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

இந்தக் கட்டுரைக்காகக் கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிக்கு அருகே ஒரு வீட்டின் மேல்மாடியில் நடக்கும் குப்பிக்குப் போயிருந்தேன். ஆறு பேர். எல்லோரும் வெளிவாரி மாணவர்கள். ஹட்டனிலிருந்து வந்து புறக்கோட்டையில் இரும்புக்கடையில் கணக்கு எழுதும் தம்பி ஒருவர். முல்லைத்தீவிலிருந்து வந்து வெள்ளவத்தையில் துணிக்கடையில் நிற்கும் தங்கை ஒருவர். மற்றவர்கள் கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடைப் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிதான் எல்லோருக்கும் சரிவரும் ஒரே நேரம்.

அன்று பாடம் நியம விலகல். என் அறைத்தோழி தோற்ற அதே பாடம். சொல்லிக்கொடுத்தவர் இரும்புக்கடைத் தம்பி. சூத்திரத்தை அவர் எழுதவேயில்லை. இரண்டு கடைகளை வரைந்தார்.

“அக்கா, இந்தக் கடைக்கு அஞ்சு நாள்ல வந்த ஆளுங்க 9, 10, 11, 10, 10. அந்தக் கடைக்கு 0, 25, 2, 20, 3. ரெண்டுக்கும் சராசரி எவ்வளவு?”

“ரெண்டுக்கும் பத்துத்தான்.”

“அப்ப ரெண்டு கடையும் ஒண்ணா? எந்தக் கடையில நீங்க சம்பளத்துக்கு நிப்பீங்க?”

துணிக்கடையில் நிற்பவர் சிரித்தார். ஒருவரும் வராத நாளில் முதலாளியின் முகம் எப்படி இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். சராசரி ஒன்றாக இருந்தாலும் ஏற்ற இறக்கம் வேறு, அந்த ஏற்ற இறக்கத்தை ஓர் எண்ணால் சொல்வதே நியம விலகல் என்ற இடத்துக்கு ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டார்கள். பிறகுதான் சூத்திரம் வந்தது. முதற் கடைக்கு ஒன்றுக்கும் குறைவான விடை, இரண்டாவதற்குப் பத்துக்கும் மேலே. அந்த எண்கள் என்ன சொல்கின்றன என்று யாரும் கேட்கவேண்டியிருக்கவில்லை.

பிறகு சிக்கல் வந்தது. கூட்டிய தொகையை ஐந்தால் பிரிப்பதா, நான்கால் பிரிப்பதா? தம்பியின் குறிப்பில் ஐந்து. இன்னொருவர் வைத்திருந்த ரியூட்டரிக் குறிப்பில் நான்கு. அரைமணிநேரம் வாக்குவாதம். தொலைபேசியில் தேடினால் இரண்டு விதமாகவும் விடை வந்தது. இரண்டும் சரி என்பதுதான் உண்மை. முழுக் குடித்தொகையின் தரவும் கையில் இருந்தால் ஐந்து, அது ஒரு மாதிரி மட்டுமே என்றால் நான்கு. இதை யாரிடம் கேட்பது? அவர்களுக்கு விரிவுரையாளர் என்று ஒருவர் இல்லை. கடைசியில் தெரிந்த ஓர் ஆசிரியருக்கு அழைப்பெடுத்தார்கள். இரண்டு நிமிடத்தில் முடிந்தது. அந்த இரண்டு நிமிடம் இல்லாமல்தான் நாடெங்கும் பல குப்பிகள் நடக்கின்றன.

குப்பியின் இருட்டுப் பக்கம்

குப்பியைப் புகழ்ந்து மட்டும் எழுதினால் அது நேர்மையாகாது.

முதலாவது, பிழை பரவுகிறது. சிரேஷ்டர் ஒருவர் பிழையாக விளங்கிக்கொண்டது, வருடாவருடம் கைமாறும் குறிப்புக் கொப்பிகளில் நிலைத்துவிடுகிறது. இரண்டாவது, பல குப்பிகள் விளங்கப்படுத்துவதை விட்டுவிட்டு, ‘இது வரும், இது வராது’ என்று சொல்லும் பரீட்சை ஆரூடமாகச் சுருங்கிவிடுகின்றன. மூன்றாவது, அதிகாரம். சொல்லிக்கொடுக்கும் கையே சில இடங்களில் பகிடிவதை செய்யும் கையாகவும் இருக்கிறது. பகிடிவதைக்குப் பணியாதவருக்குக் குப்பியில் இடமில்லை, குறிப்பும் இல்லை. நான்காவது, நேரமும் பாலும். குப்பிகள் பெரும்பாலும் இரவிலேயே நடக்கின்றன. ஆறரைக்கு முன் போர்டிங்குக்குத் திரும்பவேண்டிய பெண் பிள்ளைகளுக்கு அது எட்டாது. ஐந்தாவது, மொழிவாரியாகப் பிரிந்த குப்பிகள். தமிழர் ஒரு மரத்தடியில், சிங்களவர் இன்னொரு மரத்தடியில் அதே பாடத்தை அதே நேரத்தில் படிக்கிறார்கள். நான்கு வருடங்கள் ஒரே வகுப்பில் இருந்தும் பெயர் தெரியாமல் பிரிகிறார்கள்.

பல்கலைக்கழகங்கள் என்ன செய்யலாம்?

இந்தக் குறைகளுக்கு ஏற்கெனவே செய்துபார்க்கப்பட்ட தீர்வு ஒன்று உண்டு. 1973இல் அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழகத்தின் கன்சாஸ் சிட்டி வளாகத்தில் டியானா மார்ட்டின் என்பவர் தொடங்கிய துணைப் போதனை முறை, குப்பியைப் பாட அட்டவணைக்குள் கொண்டுவந்தது போன்றது. ஒரு பாடத்தை முன்பு நன்றாகச் செய்த மாணவர் ஒருவர் தெரிவுசெய்யப்படுவார். அவருக்குப் பயிற்சியும் கொடுப்பனவும் உண்டு. அதே விரிவுரைக்கு அவர் மீண்டும் வந்து இருப்பார். வாரந்தோறும் குறித்த நேரத்தில், விரும்பியவர் எவரும் வரக்கூடியதாக அமர்வு நடத்துவார். விடையைச் சொல்லிவிடாமல் கேள்வி கேட்பது அவருடைய வேலை. மிக முக்கியமானது, அங்கே ‘பலவீனமான மாணவர்’ என்று எவருக்கும் முத்திரை குத்தப்படுவதில்லை. பலரும் தோற்கும் பாடமே ‘கடினமான பாடம்’ என்று அடையாளம் காணப்படுகிறது. வெட்கப்பட்டு ஒதுங்கும் பிள்ளைக்கு அந்த ஒரு மாற்றமே பெரிது.

நமது பீடங்களிலும் இதைத் தொடங்குவதற்குக் கட்டடம் தேவையில்லை. ஒவ்வொரு வருடமும் அதிகம்பேர் தோற்கும் இரண்டு பாடங்களைத் தெரிவுசெய்யலாம். பகல் நேரத்தில் ஒரு மண்டபத்தைத் திறந்துவிடலாம். விரிவுரையாளர் இரு வாரத்துக்கு ஒருமுறை அரைமணிநேரம் வந்து, தேங்கிய சந்தேகங்களை மட்டும் தீர்க்கலாம். அமர்வைத் தமிழிலும் சிங்களத்திலும் கலந்து நடத்த இடமளிக்கலாம். வெளிவாரி மாணவர்களுக்கும் அந்தக் கதவைத் திறந்துவிடலாம்.

ஆசிரியர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். பயிற்சிச் செயலமர்வுகளில் காட்டப்படும் ‘கற்றல் பிரமிட்’ படத்தில், வாசித்தால் 10 வீதம் நினைவிருக்கும், பிறருக்குச் சொல்லிக்கொடுத்தால் 90 வீதம் நினைவிருக்கும் என்று எழுதியிருக்கும். அந்த எண்களுக்கு ஆய்வு அடிப்படை எதுவும் இல்லை. நல்ல கருத்துக்குப் பொய்க் கணக்கு தேவையில்லை. அடுத்தது, மாணவர்கள் முதலில் முறைப்பாடு செய்வார்கள். ஹாவர்ட்டில் 2019இல் வெளியான ஓர் ஆய்வில், பேசிச் செய்து படித்த மாணவர்கள் உண்மையில் கூடுதலாகக் கற்றிருந்தும், அழகான விரிவுரையைக் கேட்டவர்களே தாங்கள் கூடுதலாகக் கற்றதாக நினைத்தார்கள். மூளை களைப்பதை விளங்காமை என்று நாம் தவறாக எடுத்துக்கொள்கிறோம். இதை முதல் நாளே மாணவர்களுக்குச் சொல்லிவிடுவது நல்லது.

நீங்களே தொடங்குவதானால்

பல்கலைக்கழகம் அசையும்வரை காத்திருக்க முடியாதவர்களுக்கு, கொட்டாஞ்சேனைக் குழுவிடமும் ஆய்வுகளிடமும் நான் கற்றவை இவை.

நான்கு முதல் ஆறு பேர் போதும். பத்தைத் தாண்டினால் அது மீண்டும் விரிவுரையாகிவிடும். வாரத்துக்கு ஒருமுறை, நாளும் நேரமும் மாறாமல் கூடுங்கள். எல்லோரும் வாசித்துவிட்டு வரவேண்டும். கூடும் நேரம் வாசிப்பதற்கானதல்ல. ஒவ்வொரு வாரமும் வேறு ஒருவர் சொல்லிக்கொடுக்கட்டும். கெட்டிக்காரர் ஒருவரே தொடர்ந்து எடுத்தால் படிப்பவர் அவர் ஒருவர்தான். சொல்லி முடிந்ததும் கொப்பிகளை மூடிவிட்டு, கேட்டவர்களில் ஒருவர் திருப்பிச் சொல்லவேண்டும். தீராத சந்தேகங்களை ஒரு தாளில் எழுதி, ஆசிரியர் ஒருவரிடம் மாதம் ஒருமுறையாவது கொண்டுபோங்கள். பெண்கள் பாதுகாப்பாக வந்துபோகக்கூடிய பகல் நேரத்தையும் இடத்தையும் தெரிவுசெய்யுங்கள். நேரில் கூட முடியாத வாரங்களுக்குத் தொலைபேசிக் குழு அழைப்பு போதும். கொரோனாக் காலத்தில் நாம் எல்லோரும் அதைப் பழகிவிட்டோம்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நடந்தபோது, வெள்ளவத்தையில் நாங்கள் இருந்த தொடர்மாடியில் லிஃப்ட் நின்றுவிட்டது. ஓர் இரவு படியேறி வரும்போது மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஒரு மெழுகுதிரியைச் சுற்றிச் சில பிள்ளைகள் இருந்தார்கள். ஒரு பிள்ளை சொல்ல, மற்றப் பிள்ளைகள் மறித்துக்கொண்டிருந்தார்கள். வழிவிட்டு எழுந்தவர்களை இருக்கச் சொல்லிவிட்டு, சுவரோரமாக ஏறிப்போனேன். மேலே போனதும் கனடாவில் இருக்கும் அண்ணாவுக்கு அழைத்து அதைச் சொன்னேன். “எத்தனை பேர் இருந்தவை?” என்று கேட்டார். நாலு பேர் என்றேன்.

என் அறைத்தோழி இப்போது இரண்டு பிள்ளைகளின் தாய். புத்தகப் பெட்டியை அவள் இன்னும் எறியவில்லை என்று அண்மையில் சொன்னாள். இதை வாசிக்கும் உங்கள் வீட்டிலோ, பக்கத்து அறையிலோ, வேலைசெய்யும் கடையிலோ, தனியே இருந்து படித்துக்கொண்டிருக்கும் ஒருவர் நிச்சயம் இருப்பார். அவர் தானாக வந்து கேட்கமாட்டார். “இண்டைக்குக் குப்பி இருக்கு, வாறீரா?” என்று நீங்கள்தான் கேட்கவேண்டும்.